ஒரு ஆட்டுக் கதை சொல்லும் நேரம்

என் மனைவி மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை. போன வருடம் ஒரு சனிக்கிழமை, அவர்கள் பள்ளியில் ஆசிரியர்கள் எல்லோருக்கும் முதலுதவிப் பயிற்சி கொடுத்தார்கள். மூச்சு நின்றுபோனவரின் நெஞ்சை அழுத்தி, வாயில் வாய் வைத்து ஊதி, ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை உயிரைப் பிடித்து வைக்கும் சி.பி.ஆர். பயிற்சி. இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மையை வைத்துச் சொல்லிக் கொடுத்தார்களாம். சாயங்காலம் விளாங்குடி வீட்டுக்குள் நுழைந்தவள், கைப்பையைக்கூடக் கழற்றாமல் ஒரு தலையணையைத் தரையில் போட்டு, முழங்காலிட்டு, அழுத்த ஆரம்பித்தாள். உடனே செய்து பார்க்காவிட்டால் மறந்துவிடுமாம்.

எனக்கு இது போதாதா.

"என்ன, பிழைச்சிருச்சா? இல்ல பஞ்சுக்கடைக்குச் சொல்லி விட்ருவமா?" என்றேன்.

அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். முப்பது வந்ததும் நிறுத்தித் தலையணையின் மூலையில் இரண்டு முறை ஊதினாள்.

"இந்தத் தலகாணிக்கு இருக்கிற யோகம் எனக்கு இல்லையே."

"வாங்க, உங்களுக்கும் சொல்லித் தாரேன். அரைமணி நேரந்தான் ஆகும்."

"எனக்கெதுக்கு? நான் ஆளுகளச் சிரிக்க வச்சே உசிரோட வச்சிருக்கேன்."

அந்த அரைமணி நேரத்தை நான் அவளுக்குக் கொடுக்கவில்லை. ஆனால் அந்தத் தலையணைக் கதையைப் போகிற வீடுகளில் எல்லாம் அரைமணி அரைமணியாகச் சொன்னேன். என் அலுவலகத்தில் அவளுக்குத் 'தலகாணி டாக்டர்' என்று பேரே வைத்துவிட்டேன். நம் குடும்பங்களில் விசேஷ வீட்டுக்கு ஒரு கோமாளி வேண்டும். எங்கள் வீட்டில் அந்த வேலை முப்பது வருடமாக என்னிடம் இருக்கிறது. ஐம்பது வயது தாண்டியும் யாரும் அதைக் கேட்டு வாங்கவில்லை, நானும் விட்டுக்கொடுக்கவில்லை.

அந்தக் கோடையில் என் தங்கையின் புகுந்த வீட்டார் உசிலம்பட்டிப் பக்கம் தங்கள் குலசாமிக்குக் கடா வெட்டினார்கள். தங்கையின் மாமனாருக்கு அங்கே ஒரு தென்னந்தோப்பு இருக்கிறது. கோயிலில் காரியம் முடிந்ததும் சமையலும் பந்தியும் தோப்பில். தோப்பின் நடுவே மோட்டார் ரூம், அதையொட்டி ஒரு சிமெண்டுத் தொட்டி. எனக்கு இடுப்பளவு தண்ணீர். இடுப்பளவுதானே என்று பெரியவர்கள் ஒருவரும் அதைத் தண்ணீர் என்றே மதிக்கவில்லை. இரண்டாம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகளுக்கு அதே தண்ணீர் மூக்குக்கு வரும் என்று ஒருவருக்கும் கணக்குப் போடத் தோன்றவில்லை.

பந்திக்கு இன்னும் நேரமிருந்தது. பிள்ளைகள் தொட்டியில் இறங்கியிருந்தார்கள். தங்கை தேங்காய் அரைக்கப் போகும்போது என்னிடம் சொல்லிவிட்டுப் போனாள்.

"அண்ணே, பிள்ளைகளப் பாத்துக்க."

"நீ போத்தா. நான் எதுக்கு இருக்கேன்?"

நான் சட்டையையும் போனையும் பக்கத்திலிருந்த கயிற்றுக் கட்டிலில் போட்டுவிட்டு, தண்ணீரில் இறங்கிப் பிள்ளைகளோடு கும்மாளம் போட்டேன். அப்போது அவர்களுக்கு ஒரு விளையாட்டும் சொல்லிக் கொடுத்தேன். மூச்சை அடக்கி, கைகால்களை விரித்து, குப்புற மிதக்க வேண்டும். யாராவது அத்தையோ சித்தியோ வந்து அலறும்போது எழுந்து சிரிக்க வேண்டும். தங்கை மகள்தான் நன்றாகச் செய்தாள். தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஆறு ஏழு எண்ணும்வரை கிடந்தாள். "இவதாண்டா என் வாரிசு" என்று தூக்கிக் கொஞ்சினேன்.

பிறகு நான் மேலே ஏறி, ஈர வேட்டியோடு கட்டிலில் உட்கார்ந்தேன். தங்கை கணவரும் அவர் பங்காளிகள் நாலைந்து பேரும் அங்கே இருந்தார்கள். கட்டிலுக்கும் தொட்டிக்கும் பத்தடி இருக்கும். வெள்ளரிப் பிஞ்சு வந்தது என்று மற்றப் பிள்ளைகள் ஓடிவிட்டார்கள். தங்கை மகள் மட்டும் தண்ணீரில் நின்றாள்.

"மச்சான், காலையில கோயில்ல எங்கப்பா பட்ட பாட்டச் சொல்லுங்க, இவங்க பாக்கல" என்றார் தங்கை கணவர்.

நான் தொட்டிப் பக்கம் ஒரு பார்வை பார்த்தேன். பிள்ளை குப்புற மிதந்துகொண்டிருந்தாள். கைகள் விரிந்திருந்தன, முடி பரவியிருந்தது.

"அங்க பாருங்க, நடிக்கிறா. என் சிஷ்யப்பிள்ள" என்றேன். அவர்களும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். நான் கதையை ஆரம்பித்தேன்.

கதை இதுதான். வெட்டுவதற்கு முன் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால்தான் சாமி உத்தரவு கொடுத்ததாக அர்த்தம். அன்றைக்கு ஆடு சிலுப்பவில்லை. ஒரு சொம்பு, ரெண்டு சொம்பு, ஒரு குடம். ஆடு சாமியார் மாதிரி நிற்கிறது. தங்கையின் மாமனார் பொறுமையிழந்து ரெண்டாவது குடத்தைத் தூக்கினார். அது வழுக்கி அவர் தலையிலேயே கவிழ்ந்தது. குளிரில் அவர் உடம்பு ஒரு சிலுப்பு சிலுப்பியது. பூசாரி கண்ணை மூடிக்கொண்டே, "உத்தரவு கெடச்சிருச்சு, அருவாள எடு" என்றார்.

இதை நான் சும்மா சொல்லவில்லை. எழுந்து நின்று ஆடாக நடித்தேன், பெரியவராக நடித்தேன், சொம்பு சொம்பாகத் தெளித்துக் காட்டினேன். பங்காளிகளில் ஒருவர் சிரித்து இருமி, கட்டிலில் சாய்ந்துவிட்டார். அவர் நிமிரும்வரை காத்திருந்துதான் பூசாரி வசனத்தைச் சொன்னேன். எனக்குத் தொழில் சுத்தம் முக்கியம்.

பந்திக்குக் கூப்பிட வந்த என் மனைவி தொட்டியைப் பார்த்தாள்.

"ஏங்க, அவ எம்புட்டு நேரமா அப்படிக் கெடக்கா?"

"நடிக்கிறா விடு."

அவள் விடவில்லை. புடவையோடு தொட்டிக்குள் குதித்தாள். பிள்ளையைத் திருப்பினாள். உதடு நீலமாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் செய்த காரியங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். இதிலும் சிரிக்க இடம் இருக்கிறது, சிரித்துக்கொள்ளுங்கள். ஓடினேன். வேட்டி கட்டிலின் காலில் மாட்டிக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டது. நான் மட்டும் டவுசரோடு தொட்டிக்குப் போய்ச் சேர்ந்தேன். மனைவி பிள்ளையைச் சுவர்மேல் தூக்கி வைத்ததும், அவள் கையிலிருந்து பிடுங்கினேன். இரண்டு கணுக்காலையும் பிடித்துத் தலைகீழாகத் தூக்கி, தட்டாமாலை சுற்ற ஆரம்பித்தேன்.

தண்ணீரில் மூழ்கியவரைச் சுற்ற வேண்டும் என்பது எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரியும். யார் சொல்லித் தெரியும் என்றால் யாருக்கும் தெரியாது. "சுத்துங்க, சுத்துங்க, தண்ணி வெளிய வரட்டும்" என்று பின்னால் பத்துக் குரல்கள். தண்ணீர் வரவும் செய்தது. அதைப் பார்த்து இன்னும் வேகமாகச் சுற்றினேன். பிள்ளையின் தலை தொட்டிச் சுவரை ஒரு சாண் இடைவெளியில் தாண்டிப்போனது.

"கீழ படுக்க வைங்க," என்றாள் மனைவி. நான் சுற்றினேன். "கீழ வைங்கன்னு சொல்றேன்ல." மூன்றாவது தடவை அவள் சொல்லவில்லை. என் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். இருபத்திரண்டு வருடத் தாம்பத்தியத்தில் முதல் அடி. அதில்தான் நான் நின்றேன்.

பின்னால் நானும் அந்த வகுப்புக்குப் போனேன். தண்ணீரிலிருந்து தூக்கிய பிள்ளையை முதலில் என்ன செய்வீர்கள் என்று பயிற்சியாளர் கேட்டார். பாதிக் கூட்டம் சுற்றுவோம் என்றது, மீதிக் கூட்டம் வயிற்றை அமுக்குவோம் என்றது. அவர் சிரிக்காமல் சொன்னார்: "சுத்துனா வர்றது வயித்துத் தண்ணி. நுரையீரலுக்கு வேண்டியது காத்து. நீங்க சுத்துற ஒவ்வொரு சுத்தும் பிள்ளை மூச்சில்லாமக் கெடக்கிற நேரம்." இன்னொன்றும் சொன்னார். முங்குகிற பிள்ளை சத்தம் போடாதாம். கத்துவதற்கு மூச்சு வேண்டுமே. கையை ஆட்டிக் கூப்பிடக்கூட முடியாதாம். பிள்ளைகள் தண்ணீரில் இருந்தால் ஒரு பெரிய ஆள் கைக்கெட்டும் தூரத்தில், வேறு ஒன்றும் செய்யாமல், தண்ணீரையே பார்க்க வேண்டும். பேச்சு, போன் எதுவும் கூடாது. என் பக்கம் திரும்பாமல்தான் சொன்னார். எனக்கு என்னவோ பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி இருந்தது.

தோப்பில் என் மனைவி பிள்ளையைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்தாள். நெற்றியைச் சாய்த்து, தாடையை உயர்த்தி, மூக்கைப் பொத்தி, ஊதினாள். சின்ன நெஞ்சு உயர்ந்து தணிந்தது. பிறகு ஒரு கையை நெஞ்சின் நடுவில் வைத்து அழுத்த ஆரம்பித்தாள். சத்தமாக எண்ணினாள். அவள் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லும் குரல் அது.

"ஆம்புலன்ஸுக்குப் போன் போடுங்க," என்றாள் எண்ணிக்கையின் நடுவே.

போட்டேன். எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். விளாங்குடியில் எங்கள் வீட்டுக் கதவு எண், தெரு, மாடியா கீழா என்பதுவரை தெளிவாகச் சொன்னேன். தங்கை கணவர் போனைப் பிடுங்கித் தோப்புக்கு வழி சொன்னார். கை சும்மா இருந்ததால், கட்டிலில் கிடந்த சட்டையின் பையிலிருந்து வண்டிச் சாவியை எடுத்துப் பிள்ளையின் உள்ளங்கையில் திணித்து மடக்கினேன். அது வலிப்பு வந்தவர்களுக்குச் செய்வது. அதற்கும் அது பிரயோஜனமில்லை என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

தங்கை தேங்காய் அரைத்த கையோடு வந்து நின்றாள். அழவில்லை. என் மனைவியின் எண்ணிக்கையை அவளும் கூடவே உதட்டுக்குள் சொன்னாள். முப்பது, இரண்டு ஊதல். முப்பது, இரண்டு ஊதல். மூன்றாவது சுற்றிலோ நான்காவது சுற்றிலோ பிள்ளையின் வயிறு ஒரு துள்ளுத் துள்ளியது. வாந்தி எடுத்தாள். மனைவி அவளை ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். பிறகு ஒரு இருமல், அதன் பின்னால் ஒரு அழுகை.

இத்தோடு முடிந்திருந்தால், இது நான் பந்தியில் சொல்லக்கூடிய இன்னொரு கதையாக ஆகியிருக்கும். டவுசர் இருக்கிறது, அறை இருக்கிறது, சாவி இருக்கிறது. ஒரு மாதம் சொல்லலாம்.

உசிலம்பட்டியில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் பிள்ளையைச் சேர்த்தோம். வராந்தாவில் தங்கையின் மாமனார், தோளிலிருந்த காய்ந்த துண்டை எடுத்து என் மேல் போர்த்தினார்.

"தம்பி மட்டும் சுத்தித் தண்ணிய எடுக்கலேன்னா, பிள்ள நமக்கில்ல."

கூட வந்த பங்காளிகள் தலையாட்டினார்கள். "டீச்சரம்மா பாவம், பயந்துபோயி என்னமோ அமுக்கிக்கிட்டு இருந்துச்சு," என்றார் ஒருவர். என் மனைவி எதிர் பெஞ்சில் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தாள். இரண்டு முழங்கால் இடத்திலும் சேறு. என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வாக்கியம்.

"ஏதோ நம்மளால ஆனது மாமா," என்றேன்.

டாக்டர் இளம்பெண். வெளியே வந்து எங்களை உள்ளே கூப்பிட்டு, முதலில் கேட்டதே அந்தக் கேள்விதான்.

"பாப்பா தண்ணிக்குள்ள எவ்வளவு நேரம் இருந்தா?"

"நான் வந்தப்பவே மெதந்துக்கிட்டு இருந்தா மேடம்," என்றாள் மனைவி. "இவங்கதான் பக்கத்துல இருந்தாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "பத்து செகண்டு இருக்கும் மேடம்," என்றேன். வாய் தானாகச் சொல்லியது. பத்தடி தூரத்தில் உட்கார்ந்திருந்தவன் வேறு என்ன சொல்வான்.

டாக்டர் எழுதிக்கொண்டார். மூச்சு நின்று வந்த பிள்ளை, நுரையீரலுக்குள் தண்ணீர் போயிருந்தால் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறலாம், மதுரையில் பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பது நல்லது என்றார். மாமனாருக்குச் சம்மதமில்லை.

"பிள்ள கண்ணு முழிச்சுப் பேசுதும்மா. பத்து செகண்டுக்கு மதுரைக்கு எதுக்கு? தண்ணியத்தான் தம்பி சுத்தி எடுத்துட்டாரே. சாமி காரியம், அங்க பந்தி பாதியில நிக்கிது."

எங்கள் பொறுப்பில் அழைத்துப் போகிறோம் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் அனுப்புவேன், ஆனால் வேண்டாம் என்றுதான் சொல்வேன் என்றார் டாக்டர். தங்கை கணவர் பேனாவைத் திறந்தார். தங்கை என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீதான பக்கத்துல இருந்த. நீ சொல்லு. கூட்டிட்டுப் போயிறலாமா?"

நாற்பது வருடமாக என் பேச்சை நம்புகிறவள். சின்ன வயதில் புளியங்கொட்டையை மாத்திரை என்று கொடுத்தாலும் விழுங்குவாள்.

"பத்து செகண்டு இல்லத்தா," என்றேன்.

"பின்ன?"

"தெரியல."

"உத்தேசமாச் சொல்லுங்க சார்," என்றார் டாக்டர். "அரை நிமிஷமா? ரெண்டு நிமிஷமா? அதுல நிறைய வித்தியாசம் இருக்கு."

"ஒரு கதை சொல்லிக்கிட்டு இருந்தேன் மேடம். ஆரம்பிக்கும்போது பாத்தேன், குப்புறக் கெடந்தா. வெளையாடுறான்னு நெனச்சேன். முடிக்கும்போது இவ வந்துட்டா."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்தக் கதையச் சொல்லுங்க. எப்படிச் சொன்னீங்களோ அப்படியே." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

சொன்னேன். ஆடு, சொம்பு, குடம். யாரைப் பற்றிய கதையோ அவர் என் வலப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். அவர் துண்டு என் தோளில் இருந்தது. குடம் அவர் தலையில் கவிழ்கிற இடம் வந்தபோது என் கை தானாக உயர்ந்து, கவிழ்வது மாதிரி சைகை செய்தது. பழக்கம். பூசாரி வசனத்தைத் தரையைப் பார்த்துச் சொன்னேன்.

"நடுவுல நிறுத்தினீங்களா?"

"சிரிக்கிறதுக்கு விட்டேன் மேடம்."

"எவ்வளவு?"

"ஒருத்தருக்கு இருமல் வந்திருச்சு. அது அடங்குறவரைக்கும்."

டாக்டர் காகிதத்தில் பத்து என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு, 'ஒன்றரை முதல் இரண்டு நிமிடம்' என்று எழுதினார். பிறகு என் மனைவியிடம், எத்தனை சுற்று அழுத்தினீர்கள், எப்போது மூச்சு வந்தது என்று கேட்கத் தொடங்கினார். அவள் ஒவ்வொன்றுக்கும் சரியாகப் பதில் சொன்னாள். "நல்லவேளை உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது," என்றார் டாக்டர். மாமனார் அப்போதுதான் என் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். தங்கை கணவர் பேனாவை மூடிப் பையில் வைத்தார்.

மதுரைக்குப் போனோம். நல்லதற்குத்தான் போனோம். நாலு மணி வாக்கில் பிள்ளைக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. விலாவெலும்பு உள்ளே இழுத்து இழுத்து வந்தது. முகத்தில் ஆக்ஸிஜன் மாட்டினார்கள். அந்த நேரத்தில் அவள் தோப்பில் பாயில் படுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். இப்போது நன்றாக இருக்கிறாள், வாய்ப்பாடு சொல்கிறாள், என்னை மாமா என்றுதான் கூப்பிடுகிறாள்.

ஆக்ஸிஜன் மாட்டிய அன்று சாயங்காலம், நான் எல்லோருக்கும் காபி வாங்கிக்கொண்டு மாடியேறினேன். தங்கை வார்டுக்கு வெளியே வந்து வாங்கிக்கொண்டாள். இரண்டு டம்ளரை மட்டும் எடுத்தாள்.

"மாமா எங்கன்னு கேட்டாளா?" என்றேன்.

"கேட்டா."

நான் செருப்பைக் கழற்றப் போனேன்.

"நீ வீட்டுக்குப் போண்ணே. அண்ணி என்கூட இருக்கட்டும். அம்மாவோட ஒரு ஆளத்தான் உள்ள விடுறாங்க."

அவள் குரலில் கோபம் இல்லை. கதவை முதுகால் தள்ளிக்கொண்டு, காபி சிந்தாமல் உள்ளே போனாள். குழந்தையின் தாயோடு இன்னும் இரண்டு பேர் இருக்கலாம் என்று அந்தக் கதவிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. அதைப் படிக்காதவன் மாதிரி நான் படியிறங்கி வந்தேன்.